இன்னாசிக்கு, அந்தப் பழைய ஆட்டம் பற்றி

முதலில் தண்ணீர்.
தண்ணீர் தாங்கவில்லை, இன்னாசி.
ஒரே ஓர் அலையைச் செய்து
அதையே பாய் விரித்த மாதிரி வரிசையாக ஒட்டியிருக்கிறான்.
வடகடலும் தென்கடலும் பார்த்து வளர்ந்த நாம்
அன்றைக்கு எப்படி நம்பினோம்?
நீ திரையில் உள்ளங்கையை வைத்து
‘குளிருது பிலோமி’ என்றாய்.
ஏசிக்கு நேர் கீழே இருந்த கம்ப்யூட்டர் அது,
மணிக்குப் பதினைந்து ரூபாய்.

மஸ்கட்டிலிருந்து ஒரு வரி கேட்டிருந்தாய்,
இப்பவும் ஆட முடியுதா என்று.
பாம்பனில் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கிறது,
ஐஸ் பிளாண்டில் பில் போட வேலையில்லை.
சென்டர் மூடியபோது நீ ரைட் பண்ணித் தந்த சிடியை
ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.
மூன்று பேர் சேவும் அதிலேயே.

மரங்கள் மடித்த காகிதம்.
வீரனுக்கு விரல் பிரியவில்லை,
வாளைப் பிடித்திருக்கிறான் என்று சொல்ல முடியாது,
கை வாளில் போய் முடிகிறது.
மூன்று ராத்திரி நடந்த காடு
பதினோரு நிமிஷத்தில் தீர்ந்தது.
(வழி தெரியாமல் நாம் சுற்றியதுதான் பாதிக் காடு.)
சுவரோரம் ஒதுங்கினால்
கேமரா அவன் மண்டைக்குள் புகுந்து
பல்லின் பின்பக்கத்தைக் காட்டுகிறது.

ஆனால் அந்தத் தோணிக்காரன் இருக்கிறானே,
அக்கரைக்கு ஒரு காசு கேட்பவன்,
காசில்லையென்றால் ‘அப்ப ஒரு கதை சொல்லு’ என்பவன்,
அவன் கெடவில்லை.
பையில் பணம் வைத்துக்கொண்டே இல்லை என்றேன்.
நாலு பொய்யில் ஒன்றை அமுக்கினேன்.
துடுப்பை நிறுத்தினான்.
‘போன தடவை வேற சொன்னே.’
இங்கிலீஷில்தான் சொன்னான்,
எனக்குத் தமிழில்தான் கேட்டது.
பதினெட்டு வருஷம், இன்னாசி.

மூன்றாவது ஸ்லாட் மீராசாவுடையது.
லெவல் இருபத்தேழு,
செலவழிக்காத புள்ளி பதினான்கு,
பையில் ஒன்பது வாள், எதையும் விற்காத பிறவி.
போன ஞாயிறு கூப்பிட்டேன்.
படகு அந்தப் பக்கம் பிடிபட்டதிலிருந்து
(உனக்குத் தெரியும், படகு அங்கே, இவன் இங்கே)
எங்கேயும் அவன் உட்காருவதில்லை.
இங்கே உட்கார்ந்தான்.

கோட்டைக்குப் போகவில்லை. அரசியைத் தேடவில்லை.
வீரனை நேராகக் கடற்கரைக்கு ஓட்டினான்.
அங்கேதானே அந்தச் சுவர், கண்ணுக்குத் தெரியாதது.
முழங்கால் தண்ணீர் வரைக்கும் போகலாம்,
அதற்கப்புறம் கால் மட்டும் ஓடும், ஆள் நகர மாட்டான்.
கடலை வரைந்துவிட்டு உள்ளே விடாதவனை
அந்த வயதில் என்னவெல்லாம் திட்டினோம்.
மீராசா திட்டவில்லை.
சுவரைத் தோளால் உரசிக்கொண்டு
கரை நெடுக நடத்தினான்,
ஒரே பொத்தானை அமுக்கியபடி, முக்கால் மணி நேரம்.
வெளியே கச்சான் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
‘இங்கனதான் ஒரு ஓட்டை.
வெளிச்சவீட்டுக்குப் பின்னால.’
அது ஆட்டத்தில் உள்ள தப்பு மீராசா, என்றேன்.
‘தெரியும்.’

கிடைத்தது.
வீரன் சுவரைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி,
கடலின் அடித்தரையையும் தாண்டி
வெறும் வெள்ளையில் விழுந்தான்.
விழுந்துகொண்டே இருந்தான்.
தலைக்கு மேலே கடல், ஒரு தாள் கனம்,
சிறிதாகிக்கொண்டே போயிற்று.
யாரும் விசில் ஊதவில்லை.
யாரும் அப்பன் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.
மீராசா சிரித்த சத்தத்தில்
நாட்டுப்படகுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த செல்வக்கனி
கோணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

ஆக, நீ கேட்டதற்கு:
சண்டை இரண்டு மணி நேரத்தில் சலித்துவிடும்.
பாட்டு பரவாயில்லை.
புதுசாக விற்கிறார்களாம், எல்லாம் செப்பனிட்டு,
அலையெல்லாம் அசலாக. அதை வாங்காதே.
அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள்.

சேவ் பண்ணவா என்றேன்.
வேண்டாம் என்றான்,
மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டே.
கரையிலேயே நிக்கட்டும்.
நாளைக்கும் விழணும்.